பச்சைப் புள்ளி எரிந்துகொண்டிருந்தது

போன வருஷம், கிறிஸ்மஸ் நெருங்கிய ஒரு சனிக்கிழமை. சரவணம்பட்டியில் ஒரு சர்ச் ஹாலில் கிறிஸ்தவ வலைப்பதிவர்கள் சந்திப்பு நடந்தது. எனக்கு அன்னூர் பக்கம் ஒரு மில்லில் கம்ப்யூட்டர் வேலை. வீட்டுக்கு விருந்தாளி வந்தால் சமையலறையை விட்டு வெளியே வராத ஆள் நான். பெயர் போடாமல் ஒரு வலைப்பூ எழுதுகிறேன். அன்று வாசித்த வசனம், அது மனதில் கிளறியது, அவ்வளவுதான். அப்படிப்பட்டவள் அத்தனை பேர் கூடும் இடத்துக்குப் போனது ஒரே ஒருவரைப் பார்க்கத்தான்.

மேட்டுப்பாளையத்தில் இருந்த ஓர் அக்கா அவர். முன்பு அவரும் வலைப்பூ எழுதினார். கண் சரியில்லை, நிறுத்திவிட்டேன் என்று சொல்லியிருந்தார். என் பதிவுகளுக்குப் பின்னூட்டம் போட்டுப் பழகி, பிறகு தினமும் மெசேஜில் பேசிக்கொண்டோம். போன் வேண்டாம், எழுத்தே போதும் என்பதில் எங்கள் இருவருக்கும் ஒத்துப்போனது. அம்மாவிடம் சொல்லாததைக்கூட அவரிடம் சொல்லியிருக்கிறேன். அன்று காலையிலும் செய்தி வந்தது: “நானும் வருவேன் கண்ணு. பயப்படாம வாங்க.”

ஹாலில் எல்லோரும் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்து ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நான் சுவரோரமாக நின்றே மதியம் வரை ஓட்டினேன். சாப்பாட்டு நேரத்தில்தான் தைரியம் வந்தது. பேட்ஜ் கொடுக்கிற மேசைக்குப் போய், அங்கிருந்த பெண்மணியிடம் அக்காவின் வலைப்பூ பெயரைச் சொல்லி, “அவங்க வந்துட்டாங்களாங்க?” என்று கேட்டேன்.

அவர் கையிலிருந்த பேட்ஜ்களைக் கீழே வைத்தார்.

“உங்களுக்குத் தெரியாதுங்களா அம்மணி? அவங்க கர்த்தருக்குள்ள நித்திரையாகி ஒன்றரை வருசம் ஆச்சுங்க. அடக்கத்துக்கு நாங்கெல்லாம் போயிருந்தமே.”

“இருக்காதுங்க. காலைலகூட எனக்கு மெசேஜ் பண்ணுனாங்க.”

அவரிடம் காட்டுவதற்காக போனை எடுத்தேன். அக்காவின் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரிந்துகொண்டிருந்தது. அவர் ஏதோ டைப் செய்துகொண்டிருப்பதாக அடியில் காட்டியது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே செய்தி வந்து விழுந்தது.

“மேசைகிட்ட நீலச் சேலைல நிக்கறது நீங்கதானே கண்ணு?”

ஹாலைச் சுற்றிப் பார்த்தேன். பிரியாணி வாசனை, சிரிப்புச் சத்தம், தட்டோடு நகரும் கூட்டம். யாரும் என்னைப் பார்க்கவில்லை. காலி நாற்காலிகளுக்கு நடுவே, கடைசி வரிசையில் மட்டும் ஒருவர் தலையைக் குனிந்து போனைப் பிடித்துக்கொண்டிருந்தார். ஐம்பது வயதுக்கு மேலிருக்கும். ஓடிப்போகத்தான் நினைத்தேன். ஆனால் கால் அவரை நோக்கித்தான் போனது. அவர் கையிலிருந்த திரையில் என் செய்திகள் தெரிந்தன.

எழுந்து நின்றார். “அவ ஊட்டுக்காரனுங்க நான்.”

அவரே தொடர்ந்து சொன்னார்.

“அவ போன அன்னிக்குச் சாயங்காலம் உங்க மெசேஜ் வந்துச்சுங்க. ‘அக்கா, நாளைக்கு ஆபரேஷன், ஜெபம் பண்ணுங்க’ன்னு. அந்த நேரத்துல அவ செத்துப்போயிட்டான்னு எப்படீங்க சொல்றது? அவ எழுதற மாதிரியே ஒரு ஜெபம் எழுதி அனுப்பிப்போட்டேன். பொறகு நிறுத்த முடியலீங்க. நீங்க அக்கான்னு கூப்பிடறப்ப, அவ ஊட்டுக்குள்ளயே இருக்கற மாதிரி இருந்துச்சுங்க.”

கர்ப்பப்பை எடுத்த ஆபரேஷன் அது. அதற்குப் பிறகு ஒரு பெண்ணிடம் மட்டுமே சொல்லக்கூடியதையெல்லாம் எழுதியிருந்தேன்.

“எல்லாத்தையும் படிச்சீங்களா?”

“படிச்சனுங்க.” அவர் நிமிரவில்லை. “இன்னிக்கு நேர்ல சொல்லிப்போடோணும்னுதான் வந்தனுங்க. மேசைகிட்ட நீங்க அவ வலைப்பூ பேரைக் கேட்டதும் நீங்கதான்னு புரிஞ்சுபோச்சு, ஆனா சொல்ல வாய் வரலீங்க. பழையபடியே எழுதிப்போட்டேன்.”

எனக்கு வந்தது கோபமா, அவமானமா என்று பிரிக்கத் தெரியவில்லை. “இனிமே அந்தப் பேர்ல எனக்கு எழுதாதீங்க” என்று மட்டும் சொன்னேன். “சரிங்க” என்றவர், என் எதிரிலேயே கணக்கை மூடினார். அதைச் செய்யும்போது அவர் விரல் திரைமேல் வெகுநேரம் தயங்கி நின்றது.

மதியக் கூட்டத்துக்கு நிற்காமல் பஸ் ஏறிவிட்டேன். ஜன்னலோரம் உட்கார்ந்து பழைய செய்திகளைத் திறந்தேன். அக்கா போன நாள் எனக்கு இப்போது தெரியும். அதற்கு முன்னால் உள்ளதையும் பின்னால் உள்ளதையும் மாறி மாறிப் படித்தேன். அதே ‘கண்ணு’, அதே ஆறுதல், எரிச்சல் வந்தால் அதே ஒற்றை வரி. ஓர் ஆள் முடிந்து இன்னோர் ஆள் தொடங்கிய இடத்தை என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. ஹாலில் வந்ததைவிடப் பெரிய பயம் அப்போதுதான் வந்தது. கூடவே அழுகையும் வந்தது, ஒன்றரை வருஷம் தாமதமாக.

இப்போதெல்லாம் வலைப்பூவில் யாராவது நெருங்கிப் பழகினால், நாக்கு ஒட்டிக்கொண்டாலும் ஒருமுறை போன் போட்டுக் குரலைக் கேட்டுவிடுகிறேன். அவரை மன்னித்துவிட்டேனா என்று கேட்டால் இன்னும் பதில் இல்லை. ஆனால் மனைவியை இழந்த நாளிலேயே முகம் தெரியாத ஒருத்திக்காக அவர் எழுதிய அந்த ஜெபத்தைப் பிடித்துக்கொண்டுதான் நான் ஆபரேஷன் அறைக்குள் போனேன் என்பதையும் மறுக்க முடியவில்லை.