அரைக் கட்டை மேலே

எங்கள் ராக் குழுவில் அக்கா பன்னிரண்டு வருடம் கிட்டார் வாசித்தாள். நான் அவள் தம்பி, ட்ரம்ஸ். முன்னால் நின்று பாடியவனைச் சிங்கம் என்போம். பெயர்தான் சிங்கம், குரல் உச்சத்துக்கு ஏறாது. அவனுக்காக ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் முன் அக்கா ஆறு கம்பிகளையும் தளர்த்தி, சுருதியை அரைக் கட்டை இறக்குவாள். அவளும் பாடுவாள் என்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான். சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

சிங்கம் ஒருநாள் தனியாகப் பாடக் கிளம்பினான். "நீ பின்னாடி நின்னு வாசிச்சாதான் எடுபடும்" என்று அக்காவுக்கு இலவச அறிவுரை வேறு. அவள் பகலில் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துக்கொண்டே ஏழு பாட்டு எழுதினாள், எல்லாம் தன் குரலுக்கு.

ஒரு அரங்க முதலாளி ஒரே ஒரு சாயங்காலம் கொடுத்தார். "ஜனம் உக்காந்தா வாராவாரம் பாடுங்க. எழுந்து போனா இதோட சரி." வாசல் பலகையில் 'சிங்கம் குழுவின் கிட்டார்' என்று சாக்கட்டியால் எழுதியிருந்தார். அக்கா படித்துவிட்டு உள்ளே போனாள்.

மேடையில் அக்காவோடு நானும் ஒரு கீபோர்டுக்காரரும். முதல் பாட்டிலேயே கீபோர்டு ஒரு பக்கம், கிட்டார் ஒரு பக்கம் இழுத்தது. கேட்கவே பல் கூசியது. எனக்குப் புரிந்துவிட்டது: பழக்க தோஷம். பன்னிரண்டு வருடக் கை, கம்பிகளை இறக்கி வைத்துவிட்டது. முன்வரிசையில் இரண்டு பேர் எழுந்தார்கள்.

"ஒரு பட்டன அமுக்கினா போதும்க்கா, கீபோர்டையும் அரைக் கட்டை எறக்கிக்கிறேன். யாருக்கும் தெரியாது" என்றார் கீபோர்டுக்காரர்.

"வேணாம். பாட்ட எறக்க மாட்டேன். நான் ஏத்திக்கிறேன்."

மைக்கில், "தப்பு என்னோடது. ரெண்டு நிமிஷம் குடுங்க" என்றாள். அத்தனை பேர் பார்க்க, ஒவ்வொரு கம்பியாக முறுக்கினாள். அவசரமே படவில்லை. எழுந்த இருவரும் இவள் என்னதான் செய்கிறாள் என்று நின்றார்கள். ஆறாவது கம்பி முடிந்ததும் என்னைப் பார்த்து, "தட்டுடா" என்றாள்.

ஒத்திகையில்கூட அடக்கித்தான் பாடியிருந்தாள். முழுக்குரலை அன்றுதான் கேட்டேன், கூடப்பிறந்த நான். கண் கலங்கியதில் தாளம் ஒரு இடத்தில் தப்பியது; அது என் தப்பு. நின்ற இருவரும் உட்கார்ந்துவிட்டார்கள்.

முடிந்ததும் முதலாளி சாக்கட்டியோடு வந்தார். "அடுத்த வாரமும் பலகைல இதே இருக்கட்டுமா?"

அக்கா அவர் கையிலிருந்து சாக்கட்டியை வாங்கினாள். இருந்ததை முழங்கையால் அழித்துவிட்டு, பெரிதாக எழுதினாள்: பாடகி.