எண்ணெய் வேண்டாம் என்ற நான்காம் கட்டில்

காலை ஆறு பத்து. என் கணவர் செல்வராஜின் இடது காலைச் சுற்றியிருந்த பேண்டேஜில் ஒரு பச்சைக் கறை தெரிந்தது. இலைப் பச்சை இல்லை. துலக்காத செப்புக் குடத்தில் பிடிக்கும் களிம்பின் பச்சை. நர்ஸ் வந்து குனிந்து பார்த்தார். நிமிர்ந்ததும் வேகமாக வெளியே போனார். எனக்கு அப்போதுதான் பயம் வந்தது.

இது 2014 ஜூலையில் நடந்தது. அவர் நிலக்கரி மைன்ஸில் கன்வேயர் பெல்ட் ஆபரேட்டர். ஷிஃப்ட் முடிந்து பைக்கில் குவார்ட்டர்ஸுக்குத் திரும்பும்போது மாடு குறுக்கே வந்தது. முழங்காலுக்குக் கீழே எலும்பு உடைந்து, ஒரு தனியார் மருத்துவமனையில் அறுவை சிகிச்சை செய்து பிளேட் வைத்தார்கள். மாட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. இவரை வண்டியில் ஏற்றி முடிக்கும்வரை அது அங்கேயே நின்று பார்த்துக்கொண்டிருந்ததாம்.

நான் அப்போது கடலூரில் ஒரு நாளிதழில் செய்தி திருத்தும் வேலையில் இருந்தேன். சரிபார்க்காததை அச்சுக்கு விடாத பழக்கம் அங்கே வந்தது. கர்த்தர் எனக்குச் செய்த இந்த நன்மையையும் நடந்தது நடந்தபடியே எழுதுகிறேன்.

புண்ணைக் கழுவினார்கள். மருந்து ஏற்றினார்கள். மறுபடியும் பச்சை வந்தது. அறுவை சிகிச்சை செய்த டாக்டர் என்னைத் தனியாக அழைத்தார். “கிருமி எலும்புக்குள்ள போயிட்டா கால எடுக்கறதத் தவிர வழியில்லம்மா” என்றார்.

என் கணவரிடம் இதை நான் சொல்லவில்லை. ஆனால் அவருக்குத் தெரிந்திருந்தது. பார்க்க வந்த நண்பர்களிடம், “ஒத்தக் கால வச்சுக்கிட்டுப் போனா எனக்கு அரை ஷிஃப்ட் போட்டாப் போதும்னு சொல்லுங்கடா” என்று சிரித்தார். அவர்கள் போனதும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். திருமணமான நாளிலிருந்து அவர் என் பக்கம் முதுகைக் காட்டிப் படுத்ததே இல்லை.

மருத்துவமனையில் கிருமிகளை ஆராயும் டாக்டர் வசந்தி, சீழைப் பஞ்சுக் குச்சியில் எடுத்துப் போய் வளர்த்துப் பார்த்தார். இரண்டு நாள் கழித்து ஒரு வட்டத் தட்டோடு வந்தார். தட்டு முழுவதும் பச்சையாகப் படர்ந்திருந்தது. நடுநடுவே பொட்டு அளவில் வெள்ளைக் காகித வில்லைகள்.

“ஒவ்வொரு வில்லையிலயும் ஒரு ஆன்டிபயாட்டிக் இருக்கு. மருந்து கேட்டா கிருமி அந்த வில்லையச் சுத்தி வளராது. வெறும் வட்டம் விழும். பாருங்க, ஒண்ணத் தவிர எல்லாத்தையும் தாண்டி வளந்துருக்கு.”

ஒரே ஒரு வில்லையைச் சுற்றி மட்டும் வட்டம் இருந்தது. சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரியது. அந்த வட்டத்தைப் பார்த்து நான் “ஸ்தோத்திரம்” என்று சொன்னேன். டாக்டர் என்னை ஒருமாதிரி பார்த்தார்.

அந்த மருந்தை ஏற்றியதும் காய்ச்சல் இறங்கியது. புண்ணில் புதுச் சதை சிவப்பாக வளர்ந்து, ஆறத் தொடங்கியது. பிறகு ஒரு நாள் காலையில் மறுபடியும் பச்சை.

“மருந்து வேலை செய்யுது. ஆனா கிருமிய யாரோ திரும்பத் திரும்பக் கொண்டாந்து வைக்கிறாங்க” என்றார் டாக்டர் வசந்தி. பக்கத்துக் கட்டில் காதர் பாய்க்கும் பச்சை வந்திருந்தது. பண்ருட்டியில் முந்திரி வியாபாரம் செய்பவர். சர்க்கரை நோயால் வந்த கால் புண்ணுக்காகப் படுத்திருந்தார். டாக்டர் குழாய், கட்டில் கம்பி, மருந்து வண்டி, நர்ஸ்களின் கை, தன் ஸ்டெதஸ்கோப் என்று எல்லாவற்றிலும் பஞ்சுக் குச்சியால் தடவி எடுத்துப் போனார். எதிலும் அந்தக் கிருமி இல்லை.

அதுவரை என் ஜெபம் எல்லோருடைய ஜெபத்தையும் போலத்தான் இருந்தது. காலைக் குணமாக்கும், இரங்கும், கைவிடாதேயும். அன்று மாலை படிக்கட்டுக்குக் கீழே நின்று அழுதேன். வார்த்தையே வரவில்லை. கடைசியில் வாயில் வந்தது ஆபீஸில் நிருபர்களிடம் நான் கேட்கிற கேள்விதான். “ஆண்டவரே, இது எங்கிருந்து வருகிறது? தெரியாமல் என்னால் இதைத் தாண்ட முடியாது. காட்டும்.”

கண்ணைத் துடைத்துக்கொண்டு வார்டுக்குத் திரும்பினேன். டாக்டர் வசந்தி கட்டில்களுக்கு நடுவே இடுப்பில் கைவைத்து நின்றிருந்தார். நான்காம் கட்டிலில், காலில் கட்டோடு, மணி அண்ணன் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். வடலூர்ப் பக்கத்துக்காரர். பகுத்தறிவுச் சங்கத்துக்காரர். மருத்துவமனையிலும் கறுப்புச் சட்டைதான். கடவுள் இல்லை என்பதை, கேட்காதவர்களிடமும் சொல்லக்கூடியவர்.

தாளை மடிக்காமலே பேசினார். “ஏன் டாக்டரு, பச்ச வந்த கால மட்டும் பாத்துகினு இருக்கீங்களே. எனக்கு ஏன் வரலன்னு ஒரு வார்த்த கேட்டீங்களா?”

“ஏன் வரல?”

“அந்த எஸ்தரம்மா தெனம் எண்ணெய் பாட்டிலத் தூக்கிகினு வருது. எல்லாருக்கும் வைக்குது. நான் மட்டும் வேணாம்னுட்டேன்.”

நான் ஒவ்வொரு கட்டிலாகப் பார்த்தேன். எண்ணெய் வைத்த புண்கள் பச்சை. வைக்காத புண் காய்ந்து, நன்றாக ஆறியிருந்தது. என் ஜெபத்துக்குப் பதில் வந்துவிட்டது. அது வந்த வாயைத்தான் என்னால் நம்ப முடியவில்லை.

எஸ்தர் அக்கா எங்கள் ஜெபக்குழுவின் தலைவி. திருநெல்வேலிக்காரர், குவார்ட்டர்ஸில் எங்கள் பிளாக்தான். வியாதியஸ்தரைப் பார்க்கப் போவதில் அவருக்கு மழையும் கிடையாது, வெயிலும் கிடையாது. அபிஷேக எண்ணெய் பஸ்ஸில் சிந்தாமல் இருக்க, பாட்டில் வாயில் ஒரு சின்ன ஸ்பாஞ்சைச் செருகி வைத்திருப்பார். அந்த ஸ்பாஞ்சாலேயே தொட்டு வைப்பார். நெற்றியில் வைத்தால் போதாது, பாடுபடுகிற இடத்திலேயே பட வேண்டும் என்பது அவர் விசுவாசம். கட்டு மாற்றும் நேரம் பார்த்து வருவார். நர்ஸ் பிளாஸ்திரி எடுக்கத் திரும்பினால் போதும், புண்ணின் ஓரத்தில் ஒரு தொடல். பிறகு ஸ்பாஞ்சைக் குழாயில் அலசிப் பிழிந்து மறுபடியும் பாட்டில் வாயில் செருகிவிடுவார். ஈரத்தோடு.

அன்றும் சரியாக ஐந்து மணிக்கு வந்தார். டாக்டர் கையை நீட்டினார். “அந்த பாட்டிலக் கொஞ்சம் குடுங்கம்மா.”

“ஒங்களுக்கும் வைக்கணுமா டாக்டர்?”

“இல்ல. டெஸ்ட் பண்ணணும்.”

அக்காவின் முகம் மாறியது. “ஜெபம் பண்ணுன எண்ணெயிலயா? தாராளமா எடுங்க. ஒண்ணும் வராது, பாத்துக்கிடுங்க.”

“வந்தா?” என்றார் மணி அண்ணன், தாளுக்குப் பின்னாலிருந்து.

“ஒம்மகிட்ட யாரும் கேக்கல.”

இரண்டு நாள் கழித்து டாக்டர் இரண்டு தட்டுகளை ஜன்னல் ஓரத்தில் வைத்தார். ஒன்று என் கணவரின் புண்ணிலிருந்து எடுத்தது, இன்னொன்று ஸ்பாஞ்சிலிருந்து. இரண்டும் ஒரே பச்சை. இரண்டிலும் அதே ஒரு வில்லையைச் சுற்றித்தான் வட்டம். யாரோ ஒருவரின் புண்ணிலிருந்து கிருமியை ஸ்பாஞ்ச் வாங்கியிருக்கிறது, பிறகு எல்லோருக்கும் கொடுத்திருக்கிறது என்றார் டாக்டர். எஸ்தர் அக்கா மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

“அப்பம் காதர் பாய்க்கும் நாந்தான் குடுத்தேனா?”

அவர் காதர் பாயின் கட்டிலருகே போய் நின்றார். வாய் திறக்குமுன் கண்ணீர் வந்துவிட்டது.

“அழாதீங்கம்மா. நல்லதுக்குத்தானே வச்சீங்க” என்றார் பாய். “நாளையிலேருந்து வெறும் துவா போதும். எண்ணெய் வேணாம்.”

என் கணவர் படுத்தபடியே சொன்னார்: “அக்கா, இத்தன நாள்ல இந்த வார்டுல ஒங்க கைக்குத் தப்பிச்சது மணி அண்ணன் மட்டுந்தான்.”

அக்காவுக்கு அழுகையோடு சிரிப்பும் வந்தது. அவர் அப்படிச் சிரித்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

நான் மணி அண்ணனிடம் போனேன். என் ஜெபத்துக்கு ஆண்டவர் உங்களைக்கொண்டுதான் பதில் சொன்னார் என்றேன். அவர் பதறிப்போய்த் தாளைக் கீழே வைத்தார்.

“யம்மா, தயவுசெஞ்சி வெளிய சொல்லாதீங்க. சங்கத்துல என்னை என்னான்னு நெனப்பாங்க?”

சொல்கிறேன். பெயரை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

அதன்பிறகு பச்சை வரவில்லை. அதே மருந்தில் புண் மூடியது. காலை எடுக்கவில்லை. டாக்டர் வசந்தியின் தட்டும் கர்த்தருடைய கிருபையும் வேறு வேறு என்று யாராவது என்னிடம் வாதாடினால், நான் வாதாடுவதில்லை. படிக்கட்டுக்குக் கீழே நான் கேட்டது ஒரு கேள்வி. மேலே ஏறி வந்ததும் பதில் கிடைத்தது. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

எங்கள் ஜெபக்குழு இப்போதும் மருத்துவமனைகளுக்குப் போகிறது. யாரும் புண்ணைத் தொடுவதில்லை. வார்டு வாசலில் எஸ்தர் அக்கா நின்று எல்லோரையும் கை கழுவ வைத்த பிறகுதான் உள்ளே விடுகிறார். ஒருமுறை போதகரையே திருப்பி அனுப்பினார். “பாஸ்டர், நகத்துக்குள்ளயும் தேய்ங்க. ஆண்டவர் காத்துக்கிட்டு இருப்பாரு.”

இதைப் படிக்கிற உங்களில் யாராவது கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருக்கலாம். பயமாக இருக்கும். ஜெபம் பண்ணுங்கள். உங்களுக்கு என்ன தெரிய வேண்டுமோ அதையே தெளிவாகக் கேளுங்கள். பதில் வரும். உங்களுக்குப் பிடிக்காதவர் அதைச் சொன்னாலும், உங்களுக்குப் பிடித்தமானதை அது குறை சொன்னாலும், காதைக் கொடுங்கள். ஆண்டவர் நல்லவர்.

என் கணவர் அதே மைன்ஸில் வேலைக்குப் போகிறார். இடது முழங்கால் முழுதாக மடங்குவதில்லை. நாற்காலியில் உட்கார்ந்துதான் ஜெபிக்கிறார்.