வெளுத்திருந்த பிளக்

எட்டாம் வகுப்பை முடிக்காமல் வீட்டைவிட்டுக் கிளம்பியவன் நான். சிவகாசியில் அச்சகம், பிறகு லாரியில் கிளீனர், ஓசூரில் ஒரு பட்டறை, கோவையில் இரண்டு. எங்கும் ஒரு வருடத்தைத் தாண்டியதில்லை. ராஜபாளையத்துக்கு வந்தது நூல் மில்லில் வேலை இருக்கிறது என்று யாரோ சொன்னதால். பஞ்சுத் தூசி மூச்சுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு பைக் ஒர்க்ஷாப்பில் சேர்ந்தேன். படுக்கையும் அங்கேயே, டயர்களுக்குப் பக்கத்தில். பழைய டூ ஸ்ட்ரோக் வண்டிகளுக்குக் கார்புரேட்டர் செட்டிங் செய்வதில் எனக்குக் கொஞ்சம் பெயர் இருந்தது. அந்தப் பெயரைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் இந்தத் தப்பைச் செய்தேன்.

வண்டிக்காரர் மம்சாபுரத்துக்காரர், ராணுவத்தில் ஹவில்தார். ஒன்றரை மாத லீவில் வந்திருந்தார். அவருடைய வண்டி என்னைவிட வயதில் மூத்தது. இரண்டு சிலிண்டர், இரண்டு கார்புரேட்டர். கம்பெனி சைலன்சர்களைக் கழற்றிவிட்டு, பெங்களூரில் ஒருவர் கையால் செய்து விற்கும் வயிறு பெருத்த சைலன்சர்கள் இரண்டை மாட்டியிருந்தார்.

"ஏலே, எப்படிக் கத்துது பாத்தியா! மம்சாபுரத்துல முறுக்குனா கான்சாபுரத்துல நாய் குலைக்கும்."

"கத்துதுண்ணே. ஆனா பெட்ரோல் பத்தாமக் கத்துது."

"அதுக்குத்தானலே உன்ட்ட வந்திருக்கேன்."

புகை வெளியே போகிற வழி மாறினால் உள்ளே வருகிற பெட்ரோலின் அளவையும் மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் வண்டி கெட்டுவிட்டது என்று யாருக்கும் தோன்றாது. முன்னைவிடத் துள்ளும். புகை குறையும். ஓட்டுகிறவர் சந்தோஷப்படுவார். உள்ளே பிஸ்டன் வெந்துகொண்டிருக்கும். முழு வேகத்தில் பெட்ரோலை அளந்துவிடுவது மெயின் ஜெட் என்கிற சின்னப் பித்தளைத் துண்டு. அதில் இரண்டு நம்பர் பெரியது வேண்டும். கோவையிலிருந்து வர ஐந்து நாளாகும். அவருக்கோ ஞாயிற்றுக்கிழமை மதுரையில் கொழுந்தியாள் வளைகாப்பு. எனக்கும் ஒர்க்ஷாப் முதலாளியோடு பேச்சு முற்றியிருந்தது. அடுத்த வாரம் ஓசூருக்குப் போய்விடுவது என்று முடிவு செய்திருந்தேன். ஜெட்டைத் தொடாமல், பாதி முறுக்கில் மட்டும் பெட்ரோலைக் கூட்டுகிற ஊசியை ஒரு படி தூக்கி வைத்தேன். இரண்டு கார்புரேட்டரையும் காது வைத்துக் கேட்டுச் சமமாக்கினேன். வண்டி பாடியது.

ராஜபாளையத்து மெக்கானிக்குகளுக்கு டெஸ்ட் என்றால் ஸ்ரீவில்லிபுத்தூர் வரை போய்த் திரும்புவது. அந்தச் சாலையில் பஸ்ஸும் டிராக்டரும் மாடும் வழிவிட்டால்தானே முறுக்க முடியும்? அரை முறுக்கிலேயே போய் வந்து பிளக்கைக் கழற்றினால் அது டீ நிறத்தில்தான் இருக்கும்; பெட்ரோல் சரி என்பதற்கு அதுதான் அடையாளம். வண்டி சரி என்று கொடுத்துவிடுவோம். அந்தக் காலத்துக்கு அது போதும். இப்போது மதுரைப் பக்கம் நான்குவழிச் சாலை வந்துவிட்டது. அது தெரிந்ததால் நான் ஸ்ரீவில்லிபுத்தூரைத் தாண்டிப் போனேன். அகலமான சாலையில் ஒரு கிலோமீட்டர் முழுதாக முறுக்கிப் பிடித்து, அப்படியே இன்ஜினை அணைத்து ஓரத்தில் நிறுத்தினேன். வலது பிளக் டீ நிறம். இடது பிளக் வெள்ளை. சுண்ணாம்பு தடவியதுபோல. பெட்ரோல் பத்தாமல் உள்ளே வேகிறது என்று அர்த்தம்.

மதகுச் சுவரில் உட்கார்ந்து அதைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். கழற்றிய பிளக்கைக் கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து மாட்டுவது எங்கள் தொழிலில் கை தானாகச் செய்கிற வேலை. அன்று கை தானாகச் செய்யவில்லை. தெரிந்தே தேய்த்தேன்.

சனிக்கிழமை சாயங்காலம் மனைவியோடு வந்து வண்டியை எடுத்தார். அந்த வண்டியில் ஆயில் பம்பு கிடையாது. பெட்ரோல் போடும்போதே டேங்கில் ஆயிலையும் அளந்து ஊற்ற வேண்டும். மனைவி கையில் கோடு போட்ட பிளாஸ்டிக் டப்பா ஒன்று இருந்தது.

"இவதாம்லே நம்ம வண்டிக்கு ஆயில் ஆபீசர்."

"ஆமா, சம்பளம் இல்லாத ஆபீசர். யூனிபார்மாச்சும் வாங்கித் தாங்களேன்."

மூன்று பேரும் சிரித்தோம். 'ஜெட் வருகிறவரை முழுசா முறுக்காதீங்கண்ணே' என்று நான் சொல்லியிருக்க வேண்டியது அப்போதுதான். சொன்னால், பிறகு ரெண்டு நாளா என்னலே செஞ்ச என்று கேட்பார். "அருமையா இருக்குண்ணே, போயிட்டு வாங்க" என்றேன்.

மதுரையிலிருந்து திரும்பும்போது நான்குவழிச் சாலையில் இடது பிஸ்டன் இறுகிப் பிடித்துக்கொண்டது. பின்சக்கரம் ஓட்டத்திலேயே பூட்டிக்கொள்ள, வண்டி பக்கவாட்டில் சறுக்கியது. அவருக்குத் தோள்பட்டை எலும்பும் வலது மணிக்கட்டும் முறிந்தன. அவர் மனைவிக்கு முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை தோல் உரிந்தது. குட்டியானை வேனில் ஏற்றி வண்டியை எங்களிடமே கொண்டுவந்தார்கள். நான் ஓசூர் போவதை நான்கு நாள் தள்ளிப்போட்டிருந்தேன். இன்ஜினைப் பிரித்ததும் நான்தான்.

ஆயில் இல்லாமல் பிடித்த பிஸ்டன் சுற்றிலும் கீறியிருக்கும். இது சைலன்சர் பக்கம் மட்டும் கீறி, தலையில் விரல்நுனி அளவுக்கு உருகிக் குழிந்திருந்தது. வலது பிஸ்டனில் ஆயில் மினுமினுப்பு அப்படியே இருந்தது. இரண்டுக்கும் ஒரே டேங்க், ஒரே பெட்ரோல். ஆயில் குறையவில்லை என்று பார்த்த உடனே தெரிந்துவிட்டது.

கழுத்தில் கட்டிய துணியில் கையைத் தொங்கவிட்டபடி அவர் வந்து நின்றார். பின்னால் அவர் மனைவி, கையில் கட்டோடு.

"பங்க்ல இவ தங்கச்சிட்ட போன் பேசிக்கிட்டே ஊத்துனா. ஆயில் கொறஞ்சிருக்குமோலே?"

"கோடு வர ஊத்துனேன்னு எத்தன தடவ சொல்ல?" என்றார் மனைவி.

அவர் என்னைப் பார்த்தார். நான் பிஸ்டனைத் துணியில் சுற்றிக்கொண்டே சொன்னேன். "இருக்கலாம்ணே."

 அந்த அக்கா என் கையிலிருந்த துணியையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு நாள் கழித்து நான் பஸ் ஏறிவிட்டேன்.

ஓசூரில் எட்டு மாதம் இருந்தேன். அங்கே ஒருநாள் அதே மாதிரி வண்டி, அதே மாதிரி சைலன்சர். "ஜெட் வரட்டும் சார், அதுவரைக்கும் பாதிக்கு மேல முறுக்காதீங்க" என்றேன். அவர் சரி என்று போய்விட்டார். அவ்வளவுதான். அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல ஒரு திருகாணி முடுக்குகிற நேரம்கூட ஆகவில்லை. அந்த வாரமே மம்சாபுரத்துக்குக் கிளம்பினேன்.

பஸ்ஸிலிருந்து இறங்கிய இடத்து டீக்கடையில் மிலிட்டரிக்காரர் வீடு எது என்று கேட்டேன்.

"எந்த மிலிட்டரி? தெருவுக்கு நாலு பேரு இருக்காவ."

"சத்தமா ஒரு பழைய வண்டி வச்சிருந்தாரே."

"பொண்டாட்டி ஆயில் ஊத்த மறந்து விழுந்தாரே, அவரா? நேரே போயி ரெண்டாவது சந்து."

வீட்டு முன்வாசலில் அவருடைய அம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். நான் செருப்பைக் கழற்றும்போதே உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். "ஏட்டி, கொழம்புல எண்ணெய ஊத்துனியா? இல்ல அதையும் மறந்துட்டியா?" சொல்லிப் பழகிப்போன குரல். கோபம்கூட இல்லை.

அக்கா கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். முழங்கையில் தழும்பு நீளமாக இருந்தது. அவர் வீட்டுக்காரர் யூனிட்டுக்குத் திரும்பிவிட்டாராம். மணிக்கட்டு முழுதாக மடங்கவில்லை என்பதால் ஸ்டோரில் உட்கார வைத்திருக்கிறார்களாம். நான் நின்றபடியே சொன்னேன்.

"அக்கா, அன்னைக்கு ஆயில் சரியாத்தான் இருந்துச்சு. பெட்ரோல்தான் பத்தல. எனக்கு அப்பவே தெரியும். தப்பு என்னுது."

அவர் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டார்.

"எனக்கும் தெரியும் தம்பி. நான் ஊத்துனது எனக்குத் தெரியாதா? எனக்குத் தெரிஞ்சத என்ட்டயே சொல்லவா அம்புட்டுத் தூரத்துல இருந்து வந்தீய?"

உள்ளே போய் போனை எடுத்து வந்தார். எண்ணை அழுத்தி, ஸ்பீக்கரைப் போட்டு, என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"அவியட்ட சொல்லுங்க. அத்தையும் கேக்கட்டும்."

சொன்னேன். ஜெட், வெள்ளை பிளக், பிரஷ், பிஸ்டன், எல்லாவற்றையும். அந்தப் பக்கம் யாரோ பெட்டிகளை நகர்த்துகிற சத்தம் கேட்டது. பிறகு அதுவும் நின்றது.

"வெள்ளையா இருந்துச்சா?"

"ஆமாண்ணே."

"பாத்துட்டுத்தான் குடுத்தியா?"

"பாத்துட்டுத்தான் குடுத்தேன்."

திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் திட்டவில்லை.

"ஸ்பீக்கர அமத்திட்டு அவட்ட குடு."

அக்கா போனைத் தன் பக்கம் திருப்பினார். ஸ்பீக்கரை அணைக்கவில்லை.

"இப்படியே சொல்லுங்க. கேக்கேன்."

அவருடைய அம்மா கீரையை முறத்தில் வைத்துவிட்டு நிமிர்ந்தார். போனில் மகனின் குரல் இறங்கி வந்தது.

"உன்னச் சொன்னது தப்புத்தான்ட்டி."

"ம்."

அவ்வளவுதான் பேசினார்கள். அக்கா போனை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பி, "மூணரைக்கு பஸ் இருக்கு" என்றார். மன்னிப்புக் கேட்க ஓசூரிலிருந்து வழியெல்லாம் வார்த்தை சேர்த்துக்கொண்டு வந்திருந்தேன். அதைச் சொல்ல அங்கே இடமிருக்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினேன். பின்னால் மாமியாரின் குரல் கேட்டது. "இவன் அன்னைக்கே சொல்லியிருக்கப்படாதா?"

"நீங்க அன்னைக்கே நம்பியிருக்கப்படாதா?" என்றார் அக்கா.