படத்தை அழித்த பிறகு

எங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவுக்கு நான் அட்மின். கம்பெனிக்குள் போன் கூடாது. டீ நேரத்தில் வெளியே வந்து பார்த்தேன். சிப்காட் பஸ் ஸ்டாப்பில், அழுகிற குழந்தையோடு நிற்கும் ஒரு வடநாட்டுக்காரரைப் படம் பிடித்து, "பிள்ளை பிடிக்கிறவன்" என்று முருகன் போட்டிருந்தான்.

படத்தை அழித்தேன். உடனே அவன் கூப்பிட்டான்.

"ஏண்ணா அழிச்ச? அவன் உனக்கு மச்சானா?"

"அவன்கிட்ட கேட்டியா?"

"இந்தி யாருக்குண்ணா தெரியும்? ஆளுங்க வந்துட்டாங்க."



"யாராவது கை வெச்சா நீதான்டா பொறுப்பு."

போலீசுக்குச் சொல்லிவிட்டு பஸ் ஸ்டாப்புக்கு ஓடினேன். அவரைச் சுற்றிக் கூட்டம் நின்றது. குழந்தை அவர் கழுத்தை விடவே இல்லை. யாரையும் நெருங்கவிடாமல் முருகன் கையை விரித்து நின்றான்.

போலீஸ் விசாரித்தது. அவர் அப்பாதான். குழந்தைக்குக் காய்ச்சல்.

படத்தை அழித்தால் போதும் என்றுதான் முருகன் கூப்பிடும்வரை நினைத்திருந்தேன்.