குசினியின் நடுவே எங்கள் அம்மா

எங்கள் அன்பு அம்மா மன்னார்த் தீவின் கரையோரக் கிராமம் ஒன்றில், ஐந்து அண்ணன்மாருக்கு ஒரே தங்கையாகப் பிறந்தார். ஒன்பது வயதில் வந்த மூளைக்காய்ச்சல் அவருடைய இரண்டு காதுகளையும் செவிடாக்கிவிட்டது. பள்ளிக்கூடம் அத்தோடு நின்றது, அம்மா நிற்கவில்லை. பேசுபவரின் உதடுகளைப் பார்த்தே பேச்சைப் பிடிக்கத் தாமாகவே பழகிக்கொண்டார். முன்னால் நின்று கதைத்த பலருக்கு, அவருக்குக் காது கேளாது என்பதே தெரிந்ததில்லை.

போர் எங்களைக் கனடாவின் மொன்றியலுக்குக் கொண்டுவந்தது. அப்பா ஜான்-டலோன் சந்தையில் மரக்கறிப் பெட்டி தூக்கினார். அம்மா டோர்வலில், விமானங்களுக்குச் சாப்பாடு தயாரிக்கும் சமையற்கூடத்தில் பதினான்கு ஆண்டுகள் உழைத்தார். பிறகு ரொக்ஸ்பரோவில் வீடு வாங்கினார்கள். அந்த வீட்டுக் குசினியில் சிங்க் சுவரோடு இருந்தது. பாத்திரம் கழுவும்போதெல்லாம் அம்மாவின் முதுகுதான் எங்கள் பக்கம் இருக்கும். மேசையில் நாங்கள் கதைத்ததும் சிரித்ததும் அவரைச் சேரவில்லை. பல வருடங்களாக அதை நாங்கள் ஒருவருமே யோசிக்கவில்லை என்பதை வெட்கத்தோடு எழுதுகிறேன்.

ஒரு மாரிகாலத்தில் அப்பா குசினி வாசலில் ஈரத்தில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். கூப்பிட்டுக்கொண்டே கிடந்தார். ஏழெட்டு அடி தள்ளி நின்ற அம்மா, கடைசிச் சட்டியையும் கழுவிவிட்டுத் திரும்பியபோதுதான் அவரைக் கண்டார். அப்பா தேறி நடக்கத் தொடங்கியதும் அம்மா சொன்னார்: “குசினியைத் திருத்துவம். சிங்க் நடுவில வரவேணும்.”

நான் யன்னலடியில் வைக்கச் சொன்னேன். “தோட்டத்தைப் பாத்துக்கொண்டு கழுவலாம் அம்மா.”

“தோட்டம் என்னோட கதைக்குமே பிள்ளை? எனக்கு உங்கட முகங்கள் தெரியவேணும்.”

வேலைக்கு வந்தவர் எங்கள் தேவாலயப் பங்கைச் சேர்ந்த யாழ்ப்பாணத்தவர். “அக்கா, கழிவுக் குழாய் சுவருக்குள்ள கிடக்கு. நடுவுக்குக் கொண்டு வந்தால் தண்ணி ஓடச் சரிவு காணாது. சுவரோடையே விடுவம்,” என்றார்.

அம்மா வாதாடவில்லை. அளவு நாடாவோடு இரண்டு நாட்கள் நிலவறைக்கும் குசினிக்கும் ஏறி இறங்கினார். மூன்றாம் நாள், “தம்பி, ஒருக்கா கீழ வாங்கோ,” என்று அவரை அழைத்தார். உடுப்புத் தோய்க்கும் மெஷினின் கழிவுக் குழாய் நிலவறைக் கூரையோடு ஓடியது. அது குசினி நடுவுக்கு நேர் கீழே போவதைச் சோக்கட்டியால் கோடு போட்டுக் காட்டினார். அவரும் அளந்து பார்த்தார். பிறகு அம்மாவுக்கு நேரே திரும்பி, “ஓம் அக்கா, நீங்கள் சொன்னதுதான் சரி. இதில இறக்கலாம்,” என்றார். அம்மா அன்று கோயில் மணிபோலச் சிரித்தார்.

புதுக் குசினியின் முதல் நாள், அப்பா என் பக்கம் குனிந்து, “கறிக்கு உப்புக் காணாது,” என்று மெதுவாகச் சொன்னார்.

சிங்கிலிருந்து பதில் வந்தது: “உப்புக் காணாதெண்டால் எனக்குச் சொல்லுங்கோ. மகளுக்கு ஏன் சொல்லுறியள்?”

அப்பாவுக்குப் புரையேறிவிட்டது. அதன்பிறகு அம்மா தவறவிட்ட பகிடி ஒன்றுமில்லை.

அடுத்த உயிர்ப்புத் திருநாளன்று வீடு நிறைய உறவினர். எல்லோரும் ஒரே நேரத்தில் கதைத்துக்கொண்டிருந்தோம். என் நான்கு வயது மகளின் தொண்டையில் திராட்சைப்பழம் இறுகியது. அவளிடமிருந்து சத்தமே வரவில்லை. பக்கத்தில் இருந்த நானும் கவனிக்கவில்லை. சிங்கில் நின்ற அம்மா ஈரக்கையோடு ஓடிவந்து, அவளைக் குனியவைத்து முதுகில் ஓங்கித் தட்டினார். பழம் தெறித்து விழுந்தது. பிள்ளை அழுதாள். அந்த அழுகையைக் கேட்டு நாங்கள் அழுதோம்.

“நீங்கள் எல்லாரும் கேட்டுக்கொண்டு இருந்தனீங்கள்,” என்றார் அம்மா. “நான் பாத்துக்கொண்டு இருந்தனான்.”

சென்ற ஆண்டு புற்றுநோய் அவரைப் படுக்கையில் வீழ்த்தியது. கடைசி நாள் மாலை, பேத்தி மருத்துவமனைக் கட்டிலடியில் நின்று, சத்தமின்றி உதடுகளை மட்டும் அசைத்து ஏதோ சொன்னாள். அம்மா வாய்விட்டுச் சிரித்தார். என்ன சொன்னாள் என்று எங்களுக்கு இன்றுவரை தெரியாது.

அம்மா தங்கள் பக்கம் திரும்பும்வரை வாசலில் காத்திருந்து ‘போன்ஜூர்’ என்று வணக்கம் சொன்ன தாதியருக்கும், செபித்த பங்கு மக்களுக்கும், திருப்பலியில் எங்களோடு நின்ற உங்களுக்கும் எங்கள் நன்றி. அம்மாவோடு முகம் பார்த்துக் கதைத்தீர்கள். நீங்கள் சொன்ன எதையும் அவர் தவறவிடவில்லை.

குடும்பத்தார் சார்பில்,
மகள்