மட்டாஞ்சேரி வேகம்

எங்கள் வீட்டில் காலைச் சாயா போடுவது என் வீட்டுக்காரர். கல்யாணமான மறுநாளிலிருந்து இன்றுவரை அவர்தான். பக்கத்து வீட்டுப் பெண்கள் "கொடுத்து வச்சவ" என்று பெருமூச்சு விடுவார்கள். கொடுத்தும் வைக்கவில்லை, ஒன்றும் வைக்கவில்லை. ஜெயித்து வாங்கினேன்.

அவர் என் அத்தாவின் தங்கை மகன். அவருடைய அத்தா ஜப்பானில் ரத்தினக்கல் வியாபாரம் செய்ததால் அங்கேயே வளர்ந்தவர். கல்யாணம் பேச எங்கள் ஊர் மட்டாஞ்சேரிக்கு வந்த அன்று, எங்கள் கூடத்தில் டிவியோடு மாட்டியிருந்த கேம் பெட்டியைப் பார்த்துவிட்டார். அத்தாவின் தம்பி, என் சின்னத்தா, துபாயிலிருந்து கொண்டு வந்த பெட்டி அது.

"இது எங்க ஊர்ல செஞ்சது. இந்தக் கார் ஆட்டத்த நான் கண்ணக் கட்டிக்கிட்டு ஆடுவேன்" என்றார்.

எனக்கு அப்போது வாய்க்கொழுப்பு அதிகம். இப்போதும் குறைந்துவிடவில்லை.

"அப்ப ஆடுவோம் மச்சான். தோக்கறவங்க ஆயுசுக்கும் காலையில சாயா போடணும்" என்றேன். அத்தா நடுவராக நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். ஆளுக்கு மூன்று வாய்ப்பு.

ஆட்டம் எளிமையானது. சிவப்புக் கார் ஓடும், கடைசியில் ஒரு உடைந்த பாலம் வரும். சரியான நேரத்தில் பொத்தானை அழுத்தினால் கார் தாவி அக்கரை போகும். கொஞ்சம் முந்தினாலும் பிந்தினாலும் தண்ணீர்தான். அவர் மூன்று முறையும் முந்தி அழுத்தினார், மூன்று முறையும் விழுந்தார். நான் மூன்று முறையும் தாண்டினேன்.

"மாமா, இது மெல்ல ஓடுது. பாட்டுகூட இழுக்குது" என்றார், முகம் சிவந்து.

அத்தா சிரிக்காமல் சொன்னார்: "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்ன்னாளாம்."

வீடே சிரித்தது. அன்றிலிருந்து என் குடும்பத்தில் அவருக்குப் பெயர் கோணல் மாப்பிள்ளை. எந்த விருந்துக்குப் போனாலும், அவர் உட்கார்ந்ததும் யாராவது ஒருவர் அவர் தட்டைச் சாய்த்து வைப்பார்கள். அவர் தட்டை நேராக்கிக்கொண்டு, "மெல்லத்தான் ஓடிச்சு" என்று மட்டும் சொல்வார். இருபது வருஷத்துக்கு மேல் அந்த ஒரு வாக்கியத்தை அவர் விடவில்லை. எங்கள் மகள்கூட அதைச் சொல்லிக் காட்டுவாள்.

பெட்டியை நாங்கள் வீசவில்லை. வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து சாப்பிட்டதும் ஆளுக்கு ஒரு ஆட்டம் ஆடுவது வழக்கமாகிவிட்டது. மெல்ல மெல்ல அவரும் பாலம் தாண்டப் பழகினார். ஆனால் பந்தயம் பந்தயம்தான். சாயா அவருடையது.

போன மாதம் பெட்டி திடீரென்று செத்துவிட்டது. அவர் மசாலாக் கடைக்குப் போன நேரம் அதைப் பையில் போட்டுக்கொண்டு தோப்பும்படி கடைத்தெருவில் ரிப்பேர் செய்யும் ஒரு சேட்டனிடம் போனேன். திறந்து பார்த்த சேட்டன், மேசையிலிருந்த சின்ன டிவியில் மாட்டிக் காட்டினார்.

"இத்தா," என்று அக்கா முறை வைத்துக் கூப்பிட்டார், "மேலயும் கீழயும் கறுப்புப் பட்டை கண்டோ?"

"அது எப்பவும் உள்ளதல்லே. அலங்காரம்னு நெனச்சேன்."

சேட்டன் தலையில் அடித்துக்கொண்டார். பிறகு பொறுமையாக விளக்கினார். நம் ஊர் டிவி ஒரு நொடிக்கு ஐம்பது படம் காட்டும், துபாயிலும் அப்படித்தான். ஜப்பானில் அறுபது. இந்த ஆட்டத்தில் ஒரு படத்துக்குக் கார் ஓர் அடி நகரும்படி செய்திருக்கிறார்கள். அவர்கள் கார் ஆறு அடி போகிற நேரத்தில் நம் கார் ஐந்து அடிதான் போகும். பாட்டும் அதே கணக்கில் இழுபடும். ஜப்பான் டிவிக்குச் செய்த படம் நம் டிவியை மேலும் கீழும் நிறைக்காததால்தான் அந்தக் கறுப்புப் பட்டை.

"ஒரு சுவிச்சு வச்சுத் தரட்டே? மேல தள்ளினா நம்ம வேகம், கீழ தள்ளினா ஜப்பான் வேகம். உங்க வீட்டுக்காரருக்குக் காட்டுங்க, சந்தோசப்படும்."

சந்தோஷப்படுவாராம். என் வீட்டுக்காரர் இத்தனை வருஷமாகச் சொன்னது நிஜம். மெல்லத்தான் ஓடியிருக்கிறது. அப்படியானால் என் ஜெயிப்பு? என் சாயா?

வீட்டுக்கு வந்ததும் சேட்டன் வைத்துத் தந்த சுவிட்சை மேலே தள்ளி, அதன் மீது கறுப்பு டேப் ஒட்டினேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலைதான். ஆனாலும் அவர் கடைக்குப் போன பிறகு தினமும் டேப்பைப் பிரித்து ஜப்பான் வேகத்தில் பாட்டைக் கேட்டேன். கேட்டால் அது குத்தாட்டப் பாட்டு. இழுபட்ட பாட்டைத் தாலாட்டு என்று நினைத்து அதே மெட்டில் பாடித்தான் என் மகளைத் தூங்க வைத்திருக்கிறேன்.

இரண்டு வாரம் மூச்சு விடவில்லை. உம்ரா புனிதப் பயணத்துக்கு நாள் குறித்தபோதுதான் மாட்டிக்கொண்டேன். பயணம் போகும் முன் தெரிந்தவர்கள் எல்லோரிடமும் போய், "தெரிஞ்சோ தெரியாமலோ ஏதாச்சும் பண்ணியிருந்தா பொருத்தப்படணும்" என்று மன்னிப்புக் கேட்பது எங்கள் வழக்கம். நாத்தனாரிடம் கேட்டேன், மீன்காரரிடம் கேட்டேன், சண்டை போட்டு மூன்று வருஷமாகப் பேசாத எதிர்வீட்டுக்காரியிடமும் கேட்டேன். பாக்கி இருந்தது இவர் ஒருவர்தான். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். எனக்குக் குடைந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் சுவிட்சையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப நான் சொன்னது சரி."

"சரிதான் மச்சான்."

"மாமா இருக்கும்போது தெரிஞ்சிருக்கணும்."

அத்தா போய் ஆறு வருஷமாகிறது. எனக்கு அழுகை வந்துவிட்டது. இத்தனை வருஷம் அந்தத் தட்டைச் சாய்த்துச் சிரித்த கூட்டத்தில் நானும் இருந்தேனே என்று வெட்கமாக இருந்தது. உடனே போனை எடுத்து அண்ணன், தம்பி, மகள் என்று வரிசையாகக் கூப்பிட்டு, அன்றைக்கு அவர் சொன்னது நிஜம், இனி யாராவது தட்டைச் சாய்த்தால் கையை ஒடிப்பேன் என்று சொன்னேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாப் போனையும் ரசித்துக் கேட்டார்.

பிறகு சொன்னார்: "பொருத்தப்பட்டாச்சு. இப்ப சுவிச்ச கீழ தள்ளு. சாயா பந்தயம் மறுபடியும்."

ஜப்பான் வேகம். பாலம் வந்தது. அவர் அழுத்துவதற்குள் கார் தண்ணீரில் இருந்தது. இரண்டாம் முறையும் பிந்தினார், மூன்றாம் முறையும் பிந்தினார். தன் கட்டைவிரலைத் தூக்கிப் பார்த்துக்கொண்டார்.

"இதுவும் மட்டாஞ்சேரிக்காரனாயிடுச்சு புள்ள" என்று சிரித்தார்.

நான் மூன்று முறையும் தாண்டினேன்.

"நீ எப்படி?"

"கைவாகு மச்சான்."

அவர் கடையில் இருந்த அந்த இரண்டு வாரமும் நான் பாட்டு மட்டும் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. அந்தப் பாலத்தை ஜப்பான் வேகத்தில் நூறு முறையாவது தாண்டியிருப்பேன்.

பயணத்துக்கு இன்னும் மூன்று நாள் இருக்கிறது. இதற்கும் பொருத்தம் கேட்டாக வேண்டும். இன்று காலை அவர் கிளாஸை நீட்டியபோது சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். சாயாவில் இஞ்சி சரியாக இறங்கியிருந்தது. வாயை மூடிக்கொண்டு குடித்தேன்.