எண்ணெய் குடிக்கும் எஞ்சின்

ஷார்ஜாவில் தேநீர்க்கடைக்கு வருகிறவர்கள் வண்டியை விட்டு இறங்குவதில்லை. வாசலில் நிறுத்தி ஹாரன் அடிப்பார்கள். கடைக்காரர் கோப்பையோடு ஓடிவருவார். குடித்து முடிக்கும்வரை எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கும். வந்து நான்கு வருடம் ஆகியும், சும்மா ஓடும் வண்டியைக் கண்டால் என் கை தானாகச் சாவியைத் தேடுகிறது. பாறசாலைப் பக்கத்து இறக்கங்களில் எஞ்சினை அணைத்துவிட்டு நியூட்ரலில் உருட்டிப்போகும் ஜீப்புகளில் வளர்ந்தவன் நான். எரிப்பது எதுவானாலும் குறைத்து எரிக்க வேண்டும். வண்டி புகைந்தால் அதற்கு நோய். எனக்குத் தெரிந்த மெக்கானிக் வேலையின் பாதி இதுதான். அது என்னை எங்கே கொண்டு நிறுத்தியது என்று ஊரில் இருப்பவர்களுக்கும், என்னைப்போல் கராஜ்களில் கிடப்பவர்களுக்கும் சொல்கிறேன்.

என் ஊரின் பெயர் காரோடு, கேரள எல்லையில் இருக்கிறது. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் போதும் என்று களியக்காவிளையில் ஒரு லாரிப் பட்டறையில் சேர்ந்தேன். பிறகு மும்பை, சவுதியில் தம்மாம், கொஞ்ச நாள் ஒரு சிமெண்ட் கம்பெனி, இப்போது இங்கே. எந்த இடத்திலும் ஐந்து வருடம் முழுதாக இருந்ததில்லை. நெய்யாற்றின்கரையில் என்னைத் தமிழன் என்பார்கள், மார்த்தாண்டத்தில் மலையாளி என்பார்கள். இங்கே அறையில் இருப்பவர்கள் இரண்டையும் சொல்கிறார்கள். அதைப்பற்றி எனக்குப் புகார் இல்லை.

சாலிம் என்ற உள்ளூர் இளைஞனிடம் பழைய ஜப்பான் கார் ஒன்று இருக்கிறது. ரோட்டரி எஞ்சின். அதில் மேலும் கீழும் போகும் பிஸ்டன் கிடையாது. முக்கோணம் போன்ற ஒரு ரோட்டர் அறைக்குள் சுற்றிக்கொண்டே இருக்கும். அதன் மூன்று முனைகளிலும் மெல்லிய பட்டைபோல் சீல்கள் உண்டு. அவை அறையின் சுவரை ஒட்டி உரசிக்கொண்டு போனால்தான் எஞ்சினுக்கு உயிர். போன வருடம் சாலிம் முதல்முறை வந்தபோது, எண்ணெய் குறைந்துகொண்டே போகிறது, மாதம் இரண்டு தடவை ஊற்றுகிறேன், நிறுத்திக் கொடு என்றான். நான் நிறுத்திக் கொடுத்தேன். அவன் மகிழ்ந்துபோய் ஒரு பெட்டி பேரீச்சம்பழம் கொண்டுவந்தான்.

ஐந்து மாதத்தில் வண்டி சூடானால் ஸ்டார்ட் ஆகவில்லை. பிரித்தபோது சீல்கள் தேய்ந்திருந்தன. எங்கள் கராஜில் எஞ்சின் பூட்டுவதில் கெட்டிக்காரன் அதியன்னூர்க்காரன் ராஜன். அவன் புது சீல் போட்டுப் பூட்டினான். மறுபடி ஐந்தே மாதம். இந்தமுறை வண்டி நின்றது நெடுஞ்சாலையின் நடுத்தடத்தில், பக்கத்தில் சாலிமின் அம்மா இருக்கும்போது. பின்னால் வந்த டிரெய்லர் கடைசி நொடியில் ஒதுங்கியதாம். கண்ணாடி ஒன்று உடைந்ததோடு போயிற்று. ராஜன் பூட்டியது சரியில்லை என்று முடிவு செய்த முதலாளி, மாதக் கடைசியில் அவனை ஊருக்கு அனுப்பப்போவதாகச் சொல்லிவிட்டார். அதற்குள் காரணத்தைப் பார்த்துச் சொல் என்று வண்டியை என்னிடம் தள்ளினார்.

பிளக்கைக் கழற்றி அந்தத் துளையில் அழுத்தமானியை வைத்து எஞ்சினைச் சுற்றவைத்தேன். நல்ல ரோட்டர் ஒரு சுற்றுக்கு மூன்று தடவை சமமாக மூச்சுவிடும். இது ஒவ்வொரு தடவையும் இருமியது. பிறகு பிரித்தேன். மணல் உள்ளே போயிருந்தால் சுவரில் கீறல் இருக்கும், இல்லை. சூடு மிஞ்சியிருந்தால் உலோகம் நீலம் பாய்ந்திருக்கும், அதுவும் இல்லை. பூட்டியது கோணலாக இருந்தால் சீல் ஒரு மூலையில் மட்டும் தேயும். இது நீளம் முழுக்க ஒரேபோல் தேய்ந்திருந்தது. சுவரில் சிறு அலைகள்போல் தடம். விரலால் தடவினேன். விரலில் பிசுக்கு இல்லை, காய்ந்த கரி மட்டும். எண்ணெய் போகாத எஞ்சின்.

அறைகளுக்குள் எண்ணெய் அனுப்பும் சின்ன பம்ப்பைப் பார்த்தேன். அதன் திருகில் வெள்ளை மையால் ஒரு கோடு. திருகைத் தொடுமுன் பழைய நிலையைக் கோடு போட்டு வைப்பது என் பழக்கம். அந்தக் கோட்டிலிருந்து திருகு கடைசிவரை மூடப்பட்டிருந்தது. எண்ணெய் குறைகிறது என்று சாலிம் சொன்ன அன்று நான் மூடியது. சீல்கள் தேயாமலிருக்க அந்த எஞ்சின் எண்ணெயைக் குடித்தே ஆக வேண்டும் என்று அன்று எனக்குத் தெரியாது. பக்கத்து மேடையில் ராஜன் பாட்டரி மாற்றிக்கொண்டிருந்தான். திருகைக் கோட்டுக்குத் திருப்பிவிட்டு மையைத் துடைத்தால் யாருக்கும் தெரியாது. ராஜன் போவான், நான் இருப்பேன்.

பயத்தோடு கூடவே நினைவுக்கு வந்தது எங்கள் ஊர்ப்பக்கத்துப் பொழியூர்க் கடல். எனக்குப் பத்தொன்பது வயதில் அண்ணன் மரியதாசனின் மீன்பிடி வள்ளத்து எஞ்சின் அதிகம் புகைந்தது. அந்த எஞ்சினுக்கு மண்ணெண்ணெயில் எண்ணெய் கலந்துதான் ஊற்ற வேண்டும். லாரிப் பட்டறையில் படித்த நான், புகை கெடுதல் என்று, அவனுக்குத் தெரியாமல் எண்ணெயைக் குறைத்துக் கலந்து வைத்தேன். நடுக்கடலில் எஞ்சின் இறுகியது. ஒரு பகலும் ஓர் இரவும் வள்ளம் அண்ணனோடு நீரோட்டத்தில் மிதந்து கிடந்தது. பக்கத்து நீரோடி ஊர்க்காரர்கள் கட்டி இழுத்து வந்தார்கள். எஞ்சின் பழசு என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் சொன்னேன். அடுத்த மாதமே மும்பைக்கு ரயில் ஏறினேன். நான் நிற்காமல் ஓடிக்கொண்டிருப்பது அன்று தொடங்கியது.

திருகைக் கண்ட அன்று மதியம் அண்ணனைப் போனில் கூப்பிட்டு, இந்த வண்டியின் கதையையும் சொல்லி, இத்தனை வருடம் கழித்து, எண்ணெயைக் குறைத்தது நான்தான் என்று சொன்னேன்.

"எலே, அது எனக்கு அன்னைக்கே தெரியும் ஆக்கும்," என்றான். "கேனை மோந்து பாத்தா தெரியாதா? நீயா சொல்லுவன்னு இருந்தேன். நீ ரயிலு ஏறிட்ட."

மறுநாள் சாலிம் வந்தான். எனக்குத் தெரிந்த உடைந்த அரபியிலும் இந்தியிலும் திருகைக் காட்டி, தப்பு இங்கே என்றேன். அவன் முகம் மலர்ந்துவிட்டது. காரணத்தை நான் கண்டுபிடித்துவிட்டதாக எடுத்துக்கொண்டு என் தோளில் முத்தமிட்டான். ராஜன் துணியில் கையைத் துடைத்தபடி அருகே வந்தான். அந்த வெள்ளைக் கோடு யார் போடுவது என்று அவனுக்கும் தெரியும்.

"மிண்டாம இரி மக்கா," என்றான் தணிந்த குரலில். "பூட்டினதுல குத்தமில்லேன்னு ஆச்சு, எனக்கு அது போரும். மிச்சத்த அவன் கேட்டானா? உனக்கும் வீட்டுல ஆளு உண்டுல்லா?"

அவன் சொன்னபடி வாயை மூடியிருக்கலாம். தோளில் அந்த முத்தம் இருக்கும்போது முடியவில்லை. திருகில் விரலை வைத்தேன், மூடுவதுபோல் திருப்பிக் காட்டினேன், பிறகு அதே விரலை என் நெஞ்சில் வைத்தேன். சாலிம் புரிந்துகொள்ளச் சற்று நேரம் ஆனது. வண்டியில் என் அம்மா இருந்தார், தெரியுமா என்று மட்டும் கேட்டான். தெரியும் என்றேன். போய்விட்டான்.

இரண்டு நாள், சட்டைகளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு இருந்தேன். கராஜ் வாசலில் எந்த வண்டி நின்றாலும் என்னைக் கூட்டிப்போக வந்ததாகத் தோன்றியது. மூன்றாம் நாள் சாலிம் முதலாளி அறையில் வெகுநேரம் பேசினான். ராஜன் போக வேண்டாம் என்று ஆனது. என்னிடம் சாலிம், எஞ்சினை மறுபடி கட்டு, நான் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன் என்றான். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. எட்டு நாள் ஸ்டூலில் உட்கார்ந்து என் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். என் முதுகு எட்டு நாளும் வியர்த்தது.

நேற்று ஓடவிட்டோம். திருகு வெள்ளைக் கோட்டில் நின்றது. பின்குழாயில் மெல்லிய நீலப் புகை வந்தது, பொழியூரில் வள்ளம் கரையேறும்போது வரும் அதே வாடை. புகையைக் கண்டதும் என் கை சாவிக்குப் போனது. மடக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு பின்பக்கம் போனேன். அந்த நேரம் பார்த்து அண்ணன் அழைத்தான். இரைச்சல் அவனுக்கும் கேட்டது. நல்லா குடிக்குதே என்றான். பிறகு, நீ எப்பம் வாற என்று கேட்டான். மறு காதருகே சாலிம் குனிந்து, இது இனி வழியில் நிற்காதுதானே என்று கேட்டான். போனை ஒரு காதில் வைத்தபடி, மறு கையைப் புகைக்கு நேரே நீட்டிப் பிடித்தேன். உள்ளங்கையில் மெல்லப் பிசுக்கு ஏறியது. இருவருக்கும் பதில் சொல்ல வேண்டியிருந்தது. எந்தப் பக்கம் முதலில் திரும்புவது என்று தெரியாமல், ஓடுகிற வண்டிக்குப் பின்னால் அப்படியே நின்றேன்.